இருநூற்று எட்டு நேர்கோடுகள்

ஜூன் 9, திங்கள்

பழைய படங்களைச் சரிசெய்யும் எங்கள் ராயப்பேட்டை ஸ்டுடியோவில் இன்று ஒரு ஓவியம் வந்து இறங்கியது. ஓவியம் என்று தாரிணி சொல்கிறாள், நான் சொல்லவில்லை. ஆறடி அகலம், நாலரை அடி உயரம், வெள்ளைத் தளம். அதில் மேலிருந்து கீழாக, அரை விரல் இடைவெளியில், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள். எண்ணிப் பார்த்தேன், இருநூற்று எட்டு. மரம் இல்லை, மாடு இல்லை, மனுஷர் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஜமீன்தார்களின் மீசைக்கும் மாதா படங்களின் முக்காட்டுக்கும் ஒட்டுப்போட்டே பழகிய எனக்கு, இதில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று புரியவில்லை.

வரைந்தவர் சோலையப்பன். எழுபத்தெட்டு வயது, திருவான்மியூரில் மகள் உமையாளுடன் இருக்கிறார். இதே வரிசையில் பன்னிரண்டு படங்கள் வரைந்து வைத்திருந்தாராம். போன நவம்பர் மழையில் கிடங்கின் கூரை ஒழுகிப் பதினொன்று வீணாகிவிட்டன. தப்பியது இது ஒன்றுதான். இதிலும் இடது கீழ் மூலையில் ஒரு முழ உயரத்துக்கு வண்ணம் உதிர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து மனிதர் தூரிகையைத் தொடவில்லை. இது சரியாகி வீட்டுச் சுவரில் ஏறினால் இதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை ஆரம்பிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். புதுக் கேன்வாஸ்கூட இழுத்துக் கட்டித் தயாராக நிற்கிறதாம். உமையாள் இதையெல்லாம் சொல்லும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதிர்ந்த மூலையில் கோடுகளைத் தொடர்ந்து போடுவதுதான் வேலை. இதற்கு இந்த எப்சிபா எதற்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதுமே என்றேன். தாரிணி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்து நாலு வயது, ஸ்டுடியோ அவளுடையது. முதலாளி சிரிக்காத இடத்தில் நானும் சிரிப்பதில்லை.

வேலைப் பதிவேடு ஒன்று கொடுத்திருக்கிறாள். எந்த மருந்து, எந்த நிறம், எத்தனை மணி நேரம் என்பது மட்டும் அதில் வர வேண்டுமாம். மனசில் வருவதை எழுத அதில் கட்டம் இல்லை. அதற்காகச் சர்ச்சில் கொடுத்த இந்த டைரி.

ஜூன் 12, வியாழன்

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். பதினொன்றுக்குக் குமட்டல் ஆரம்பித்தது. பாத்ரூமுக்கு ஓடி இட்லியைக் கொட்டிவிட்டு வந்தேன். இட்லியின் மேல் பழி போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தால் மறுபடி பிரட்டல். கழுத்திலிருந்து பின்மண்டை வரை ஒரு இழுப்பு வேறு.

நான் வேலை செய்யும் விதம் இதுதான்: வாட்ச் ரிப்பேர்காரர் வைப்பதுபோல வலது கண்ணில் ஒற்றை லென்ஸ், இடது கண்ணை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் இரட்டை லென்ஸ் என் தலையை நசுக்கும். அதை வேண்டாம் என்று சொல்லி இருபத்தாறு வருஷம் ஆகிறது. எந்த ஜமீன்தாரும் இதுவரை என்னை வாந்தி எடுக்க வைத்ததில்லை.

விசித்திரம் என்னவென்றால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. தாரிணி அதன் முன்னால் நின்றால் மூச்சு நிதானமாகிறது என்கிறாள். வாட்ச்மேன் அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுகமாகத் தூங்கிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

சோலையப்பன் மகளுடன் வந்தார். ஒல்லி, வேட்டி, முழுக்கைச் சட்டை. உமையாள் அவரை அப்பச்சி என்று கூப்பிடுகிறார், செட்டிநாட்டுப் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வார்களாம். பெரிய ஓவியர்கள் பேசும் பேச்சு இவரிடம் இல்லை. ஸ்கேல் வைக்காமல் போடுகிறாராம். மூச்சை இழுத்து, விட ஆரம்பிக்கும்போது மேலே தொடங்கி, மூச்சு முடியும்போது கீழே முடிக்க வேண்டும். நடுவில் பிசகினால் முழுக் கோட்டையும் ஈரத்திலேயே துடைத்துவிடுவாராம். ஒரு நாளைக்கு ஒரு கோடு தேறினால் நல்ல நாள்.

"வேற ஒண்ணுமில்லம்மா, நேரா இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது" என்றார்.

ஐயா, எனக்கு இதைப் பார்த்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை, அதனாலேயே சொல்ல முடியவில்லை.

ஜூன் 21, சனி

வீட்டில் தலைவலியோடு படுத்திருந்தேன். அரிசியில் கல் பார்க்கச் சோம்பலாக இருந்தது. அவர் பார்த்தார். என் கணவர் ஞானதுரை ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வாரம் நான் பார்த்த அரிசியில் நாலு கல் இருந்ததாம். அதைச் சொல்லாமல் தின்றிருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

மூலை முடிந்தது. பன்னிரண்டு நாள் வேலை, இருபத்து மூன்று கோடுகளின் வால் பகுதி. மேலே உள்ள கோட்டோடு என் கோடு சேரும் இடம் தெரியவே தெரியாது. தாரிணி பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள்.

சந்தோஷமாக லென்ஸை எடுக்காமலே படத்தின் மற்ற இடங்களில் கண்ணை ஓட்டினேன். நட்டநடுவில் எட்டு பத்துக் கோடுகள் நேராக இல்லை. கேன்வாஸுக்கு அடியில் யாரோ ஒரு ரூபாய்க் காசைச் சொருகி வைத்ததுபோல அந்த இடத்தில் கோடுகள் விலகிப் புடைத்திருக்கின்றன. இதுதான் என்னைப் பிரட்டிய சனியன் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது. தப்பு என் வயிற்றில் இல்லை, படத்தில்தான்.

ஜூலை 2, புதன்

இன்று பார்த்தால் புடைப்பு வலது பக்கமும் இருக்கிறது. இன்னும் தள்ளிப் பார்த்தேன், அங்கேயும் இருக்கிறது. நான் பார்க்கிற இடத்திலெல்லாம் இருக்கிறது. அவ்வளவு சேதம்.

படத்தோடு வந்த பழைய காகிதங்களைப் புரட்டினேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரேம் கடையில் "சிறு சரிசெய்தல்" நடந்ததாக ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. அப்பாடா. எவனோ கடைக்காரன் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறான். சோலையப்பனின் கோடுகளை மூடிவிட்டு மேலே தன் கோணல் கோடுகளைப் போட்டிருக்கிறான். என் தொழிலில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மாதாவுக்கே மூன்று கண்ணிமை போட்டவர்கள் உண்டு.

ஜூலை 3, வியாழன்

நூலில் குண்டு கட்டிப் படத்தின் முன்னால் தொங்கவிட்டு லென்ஸ் வழியே பார்த்தேன். நூல் நேராக நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினேன். அப்புறமும் நிற்கவில்லை. பழைய நூல், முறுக்கு விழுந்திருக்கும்.

ஜூலை 7, திங்கள்

தாரிணி ஐந்து வாரத்துக்கு டெல்லி போகிறாள், அங்கே ஒரு பெரிய வேலை. கிளம்பும் அவசரத்தில் புடைப்பைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றாள். நின்றுகொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால் எப்படித் தெரியும்? ஊதா வெளிச்ச விளக்கை அடித்துப் பார்த்தால் பிற்பாடு பூசிய வண்ணம் தனியாகக் கறுத்துத் தெரியும், ஆனால் விளக்கின் பல்பு போய்விட்டது, புதியது வர நாளாகும். நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். வரைந்தவர் கை பட்ட இடத்தை நாம் தொடக்கூடாது, உதிர்ந்த இடத்தில் மட்டும்தான் நமக்கு வேலை. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இது வரைந்தவர் கை பட்ட இடம் இல்லையே.

ஜூலை 10, வியாழன்

முதல் கோட்டைப் பஞ்சால் துடைத்தேன். உடனே வந்துவிட்டது. வரைந்தவரின் பழைய வண்ணமாக இருந்தால் இவ்வளவு சுலபமாக வராது.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்து கோடுகள் ஆயின. பஞ்சுக் குச்சியில் வண்ணம் கரைக்கும் மருந்தைத் தொட்டு மேலிருந்து கீழே துடைக்கிறேன். வெள்ளை கிடைத்ததும் மூன்று மயிர்த் தூரிகையால் புதிதாக இழுக்கிறேன். அவரைப் போலவே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே போடுகிறேன். லென்ஸுக்குள் என் கோடு நேராக நிற்கும்போது உடம்பெல்லாம் அடங்குகிறது. கொஞ்ச நேரம்தான். பக்கத்துக் கோட்டுக்குப் போனால் மறுபடி புடைப்பு, மறுபடி குமட்டல். இஞ்சி மிட்டாய் டப்பாவை மேஜையிலேயே வைத்துக்கொண்டேன்.

முடித்த இடத்தை உடனே மெல்லிய தாளால் மூடிவிடுகிறேன், தூசு படக்கூடாது. பார்க்காமல் இருந்தால் வயிறும் சும்மா இருக்கிறது.

பதிவேட்டில் "தூசு நீக்கம்" என்று எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

வீட்டுச் சமையலறை நிலைக்கதவு மழையில் ஊறி வளைந்திருக்கிறது, தச்சரைக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் இரண்டாவது தடவை சொன்னேன். அவர் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு எப்சி என்றார். வயசானால் ஆண்களுக்கு வீட்டில் எதுவும் கண்ணில் படுவதில்லை.

காலையில் காபியைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். அவர் பேசாமல் துணியை எடுத்து வந்து துடைத்தார். பேசாமல் துடைத்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நம்பர் தப்பாகப் பார்த்து மந்தைவெளி போய்ச் சேர்ந்ததை அவரிடம் சொல்லவில்லை. புது போர்டுகளின் எழுத்து கண்றாவியாக இருக்கிறது.

ஜூலை 30, புதன்

இருபத்தெட்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மத்தியானம் காற்றில் தாள் விலகியது. எழுந்து நின்று, லென்ஸ் இல்லாமல், தூரத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. என் கோடுகள் நெளிந்தன. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடாமல் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும். தாளை மறுபடி ஒட்டினேன். நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன்.

சாயந்தரம் வீட்டில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். கண் டாக்டரிடம் போய் வரலாமா என்றார். என் கண்ணை வைத்துத்தான் இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷம் நிற்கிறேன், உங்கள் கண்ணைப் போய்க் காட்டுங்கள் என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாற்பத்தொன்று. போதும். இனி குனிய முடியவில்லை. லென்ஸின் நடுவில் ஒரு சாம்பல் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தாரிணி வந்தாள். நானே டேப்பைப் பிரித்துத் தாளை விலக்கினேன். அவள் பாராட்டுவாள் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுவதில் என்ன வெட்கம், அப்படித்தான் நினைத்தேன்.

அவள் குனிந்து நடுப்பகுதியைப் பார்த்தாள். பிறகு படம் வந்த அன்று எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். வழக்கமாக எல்லாப் படங்களையும் வந்த அன்றே துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து வைப்போம். நடுப்பகுதியைத் திரை முழுக்கப் பெரிதாக்கிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரையில் ஒரு கோட்டின் மேல் வைத்தாள். கோடு ஸ்கேலுக்கு அடியில் மறைந்துவிட்டது. அடுத்ததில் வைத்தாள், அதுவும் மறைந்தது. அப்புறம் அதே ஸ்கேலைக் கேன்வாஸில் என் கோட்டின் மேல் பிடித்தாள். என் கோடு ஸ்கேலுக்கு இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தது.

"மேடம், இது பழைய ரிப்பேர் இல்ல. இது அவரோட கோடு. அவரோடதைத் தொடைச்சிருக்கீங்க."

பிரேம் கடை என்றேன். சீட்டு இருக்கிறது என்றேன். அவள் அந்தச் சீட்டை எடுத்துப் படித்துக் காட்டினாள். பின்புறச் சட்டத்தில் ஒரு ஆணி மாற்றினார்களாம். அடுத்த வரியிலேயே இருக்கிறது. எனக்கு அந்த வரி தெரியவில்லை.

சோலையப்பன் வண்ணத்தைத் தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்துக்கொள்வாராம், அதனால்தான் பஞ்சு பட்டதும் வந்திருக்கிறது. அதை இனி எங்கிருந்தும் திரும்ப எடுக்க முடியாது. என் கோடுகளை அழித்துவிட்டு யாராவது நேராகப் போடலாமே என்றேன். துடைத்துத் துடைத்து வெள்ளைத் தளம் தேய்ந்து துணி தெரிகிறது, இன்னொரு தடவை மருந்து பட்டால் ஓட்டைதான் என்றாள்.

அப்புறம் ஒன்று கேட்டாள். வலது கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். பார்த்தேன். இடது கண்ணுக்கு, நான் தொடாத கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. நான் போட்டவை மட்டும் நெளிந்தன. பிறகு இடதை மூடிக்கொண்டு தன்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். தாரிணிக்கு முகம் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. என் கணவர் கூடவே வந்தார். டோக்கன், சொட்டு மருந்து, மறுபடி டோக்கன். டாக்டரம்மா உள்ளங்கை அளவு அட்டை ஒன்று கொடுத்தார். குறுக்கும் நெடுக்கும் நேர்கோடு போட்ட கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. வலது கண்ணுக்குக் கட்டங்கள் புடைத்து நின்றன, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே அட்டையைத்தான் ஆறடி அகலத்தில் இரண்டு மாசமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கசிந்து, கவனிக்காமல் விட்டதில் தழும்பு கட்டிவிட்டதாம். போன பார்வை வராது. கண்ணுக்குள் ஊசி போட்டு மேலே போகாமல் பார்க்கலாம். இடது கண்ணிலும் ஆரம்ப அறிகுறி தெரிகிறது, அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் கோணலாகத் தெரிந்தபோதே வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் அவர் வழி விடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

உமையாளை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தோம். தாரிணி சொல்ல வாயெடுத்தாள், நானே சொல்கிறேன் என்று தடுத்துவிட்டுச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. படத்தின் அருகே போய் நின்றார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, அப்பச்சிக்கு இரண்டு தடவை ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது, அவரிடம் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்றார். வயசாகிவிட்டது, பார்த்தாலும் தெரியாமல் போகலாம் என்றார். தாரிணிக்கு இஷ்டமில்லை. நான் மட்டும் உடனே தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சோலையப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். படத்தின் முன்னால் நாற்காலி போட்டோம். முதலில் மூலையைப் பார்த்து, எங்கே உதிர்ந்தது என்றே தெரியவில்லையே என்றார். மூலை நன்றாகத்தான் இருந்தது, அதைப் போட்டபோது என் கண் அவ்வளவு கெட்டிருக்கவில்லை. அப்புறம் அவர் பார்வை நடுவுக்குப் போனது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து கிட்டே போனார், பின்னால் வந்தார். நெற்றியில் வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்தார். எனக்குத் தெரியும் அது என்ன என்று. முதலில் வயிறு, பிறகு பின்மண்டை.

"உமையா, எனக்குத் தலையைச் சுத்துது. கோடெல்லாம் நெளியுது" என்றார்.

உமையாள் தண்ணீர் கொடுத்தார். வெயில் அப்பச்சி என்றார். தாரிணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நேராத்தானம்மா வெச்சிருக்கீங்க? எனக்குத்தான் இப்படித் தெரியுதா?"

அவர் ஒரு பதிலுக்காகக் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் உதட்டை உமையாள் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் இதயத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளலாம். அது பொய். அந்த முகத்துக்கு நேராக நின்று, நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஆமாங்க ஐயா, நேராத்தான் இருக்கு" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கும்பிட்டார். எனக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் ஊசி. சொட்டு மருந்து போட்டு மரக்க வைத்தபின் குத்துகிறார்கள், வலி பெரிசில்லை. ஊசி வருவது தெரிகிறது, அதுதான் கஷ்டம். வீட்டில் இரண்டு நாள் கண்கட்டோடு இருக்க வேண்டும். இதை இடது கண்ணால் எழுதுகிறேன்.

தாரிணி போனில் பேசினாள். வேலைக்கு வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

உமையாள் கூப்பிட்டார். படத்தை வீட்டுச் சுவரில் மாட்டினார்களாம். அப்பச்சி அந்த அறைக்கே போவதில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், இந்த வயதுக்குக் கண் அருமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் நம்பவில்லை. நேற்று புதுக் கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தூரிகைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். கோடு நேராக இருக்கிறதா என்று தெரியாதவன் கோடு போடக்கூடாது என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு உமையாள் போனை வைக்காமலே இருந்தார். என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயால் அதைக் கேட்க முடியாது, தடுத்ததே அவர்தானே.

ஒரு படத்தைக் கெடுத்தது கண். அது நோய், மன்னிக்கலாம். மனிதரைக் கெடுத்தது என் வாய். அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சீட்டு வாங்க முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருவான்மியூர் போனோம். கணவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உமையாள் கதவைத் திறந்து வழி விட்டார்.

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். ஒற்றை லென்ஸ், மூடின இடது கண், பஞ்சு, மருந்து, நாற்பத்தொரு கோடுகள், நூல்குண்டு, டேப் போட்டு ஒட்டின தாள், எதையும் மறைக்கவில்லை. உங்கள் கோடு நேராகத்தான் இருந்தது ஐயா, கோணலாக்கியது நான், அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய் என்றேன். உமையாள் கதவோரம் நின்று ஆமாம் என்று தலையாட்டினார்.

பெரியவரிடம் பழைய போட்டோவைக் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதில் எல்லாக் கோடும் நேராகத்தான் தெரியும் என்று திருப்பிக் கொடுத்தார். ஸ்கேல் வைத்துப் பாருங்கள் ஐயா என்றேன். கண்ணையே நம்ப முடியாதவனுக்கு ஸ்கேல் எதற்கு என்றார்.

கடைசியாக என் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். விழித்திரைப் படம், தழும்பு, டாக்டரின் கையெழுத்து. அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குமா?" என்றார்.

ஐயா, எனக்கு மட்டும்தான் என்றேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை, டாக்டரே சொன்னாரே என்றேன்.

"எல்லாரும் நல்லவங்கம்மா. டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு, உமையாளும் அப்படித்தான் சொல்றா. கண்ணு போற கஷ்டம் உங்களுக்கே இருக்கறப்போ, என்னைச் சமாதானப்படுத்தறதுக்கு இந்தப் பழியையும் தூக்கித் தலையில வெச்சுக்க வேண்டாம்."

இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். உமையாளைக் காபி கொண்டுவரச் சொன்னார். எந்தக் கண்ணில் முதலில் வந்தது, எத்தனை ஊசி, வலிக்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்குப் பதில் சொல்வதைத் தவிர வழி இருக்கவில்லை.

காபி வந்தது. குடித்தோம்.

பகல் பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள் என்று கேட்டார். ரேடியோ கேட்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உமையாளைப் பார்த்து, நாளைக்கு நமக்கும் ஒரு ரேடியோ வாங்கிவிடு என்றார்.